வான்டன் சூப் நமக்கு ஏற்றதா?

கொல்கத்தா மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சீன உணவை அறியாத இல்லம் இன்று அரிது. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்கித் திரும்பும் அதே கைகள், ஞாயிறு மாலையில் சீன உணவுப் பொட்டலத்தையும் சுமந்து வருகின்றன. குழந்தைகளுக்கு நூடுல்ஸ்; இளைஞர்களுக்கு மிளகாய்க் கோழி; இல்லத்துப் பெரியவர்களுக்கோ, ‘எண்ணெய் இல்லாதது, காரம் இல்லாதது, வயிற்றுக்கு இதமானது’ என்று காரணம் கூறி வான்டன் சூப். காய்ச்சல் கண்டவருக்கும் அதுவே. பல் இழந்தவருக்கும் அதுவே. உடல் இளைக்க விரும்பும் புதல்விக்கும் அதுவே. இவ்வாறாக வான்டன் சூப் நம்மவரிடையே ஏறத்தாழப் பத்திய உணவின் மதிப்பைப் பெற்றுவிட்டது.

இம்மதிப்பு அதற்குத் தகுமா என்று நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் அண்மையில் எம்மிடம் வினவினர். ஒருவர் அஜினோமோட்டோவை எண்ணி அஞ்சினார். மற்றொருவர் பன்றி இறைச்சியை எண்ணி அஞ்சினார். மூன்றாமவர், “வெஜிடபிள் சூப் என்று எழுதியிருந்தால் நம்பலாமா?” என்று கேட்டார். உப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாமும் ஈராண்டிற்கு முன்பு வரை கேட்டதில்லை. அதற்கு எம் இல்லம் கொடுத்த விலையைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில், இப்பண்டம் யாது என்பதை அறிந்துகொள்வது நலம். மெல்லிய மைதாத் தகட்டினுள் கொத்திய இறைச்சியையோ இறாலையோ காய்கறியையோ வைத்து, விளிம்பை நீரால் ஒட்டி, கொதிநீரில் வேக வைத்துத் தெளிந்த சாற்றில் மிதக்க விடுவர். நம் கொழுக்கட்டைக்கு உறவு என்று சொல்லலாம்; ஆயின் கொழுக்கட்டையின் மேல்மாவு அரிசி, வான்டனுடையது கோதுமை. வட சீனத்தில் இதனை ஹுன்துன் என்பர். சிச்சுவான் மாநிலத்தார், மார்பின்மேல் கைகளைக் கட்டிக்கொண்டாற்போல் மடிப்பு அமைந்திருப்பதால், கைகட்டி நிற்பது என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். தென்கோடியிலுள்ள குவாங்டுங் மாநிலத்தார் வழங்கும் பெயரே வான்டன்; அதனை அவர்கள் எழுதும் எழுத்துகளுக்கு ‘மேகத்தை விழுங்குதல்’ என்று பொருள். வெண்மையான தகடு சாற்றில் விரிந்து மிதப்பதைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். குவாங்டுங் முறையில் உள்ளே வைப்பது இறாலும் பன்றி இறைச்சியும்; சாறு காய்ச்சுவது பன்றி எலும்பிலும், உலர்ந்த தட்டை மீனிலும். தகட்டின் மாவில் முட்டை சேர்ப்பதும் அவர்கள் வழக்கம். இச்செய்திகளை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டும், பின்னர் வேண்டியிருக்கும்.

நம் நகருக்கு இது எவ்வாறு வந்தது? 1778ஆம் ஆண்டையொட்டி, டோங் அச்சியூ என்னும் சீன வணிகர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பஜ்பஜ்ஜை அடுத்து ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் அமைத்தார். அவர் பெயராலேயே அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் என வழங்குகிறது. சீனப் புத்தாண்டின்போது நகரத்துச் சீனர்கள் அங்குச் சென்று வழிபட்டு வருவர். பின்னர் வந்தோருள் குவாங்டுங்கைச் சேர்ந்தோர் தச்சுத் தொழிலிலும், ஹக்கா மக்கள் தோல் பதனிடுவதிலும் காலணி செய்வதிலும், ஹூபே மாநிலத்தார் பல் மருத்துவத்திலும் பெயர் பெற்றனர். 1962ஆம் ஆண்டுப் போர் இம்மக்களைப் பெரிதும் அலைக்கழித்தது. பலர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் பின்னர்க் கனடா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1996இல் உச்ச நீதிமன்றம் டேங்ராவின் தோல் பதனிடும் சாலைகளை நகருக்கு வெளியே அகற்றுமாறு ஆணையிட்ட பின்னர், அங்கே உணவுச்சாலைகளே முன்னின்றன. டிரெட்டா பஜாரில் ஞாயிறு விடியற்காலையில் கூடும் காலைச் சிற்றுண்டிக் கடைகளில், பெரிய அலுமினியப் பாத்திரத்திலிருந்து ஆவி பறக்க வான்டன் சூப் வாங்கிக் குடித்த நம் அன்பர்களும் பலர் உண்டு. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, நாக்கின் வழியே தம் ஊரைக் காத்துக்கொண்ட மக்களை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

இனி உடல்நலத்திற்கு வருவோம். நல்லனவற்றை முதலில் கூறுவதே முறை.

வேகவைத்த வான்டனில் எண்ணெய் குறைவு என்பது உண்மையே. கடையில் விற்கும் தகடு ஒன்று ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ளது. அதில் 20 முதல் 25 கலோரி இருக்கும். எட்டு வான்டன் கொண்ட ஒரு கிண்ணத்தின் தகடுகளில் மட்டும் 180 கலோரி அளவு என்று கொள்ளலாம். கோழி, இறால், சோயாக் கட்டி ஆகியவற்றை உள்ளே வைத்தால் புரதமும் கிடைக்கிறது. உணவுக்கு முன் சூப் அருந்துவோர், அதன்பின் உண்ணும் அளவைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றனர் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007இல் ஆய்ந்து வெளியிட்டனர். சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டும் அவ்வேளை உணவின் கலோரி ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாம். சளி பிடித்தவருக்குச் சூடான கோழிச் சாறு நல்லது என்னும் பாட்டிமார் சொல்லிற்கும் சிறிது ஆதாரம் உண்டு. 1978இல் மயாமி நகர மருத்துவர்கள், சூடான கோழிச் சாறு மூக்கினுள் சளியின் ஓட்டத்தை விரைவுபடுத்துவதை அளந்து காட்டினர். நம் மிளகு ரசத்தை எவரும் இவ்வாறு அளந்து பார்த்தனரோ இல்லையோ, ஆவி பறக்கும் அதனைக் குடித்து மூக்கடைப்பு நீங்கப் பெறாதவர் நம்முள் யார்?

ஆகவே வான்டன் சூப்பைத் தீயது என்று தள்ளுவதற்கில்லை. ஆயின், நாம் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல், அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறோம் என்பதே எம் கருத்து. கிண்ணத்தில் மிதக்கும் உருண்டையை நாம் ஐயுறுகிறோம். அது மிதக்கும் தெளிந்த நீரை நம்புகிறோம்.

எம் தமையனார் 68 வயதினர். இதயம் சற்றுத் தளர்ந்தவர். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் முன்னமே கூறியிருந்தார். ஊறுகாயையும் அப்பளத்தையும் அவர் மனத்திண்மையோடு விலக்கியிருந்தார். ஈராண்டிற்கு முன், தை மாதக் குளிரில், இரவு உணவு செரிக்கவில்லை என்று கூறி, அருகிலிருந்த கடையிலிருந்து வான்டன் சூப் வருவித்து உண்ணத் தொடங்கினார். “எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லையே, இதைவிட நல்ல உணவு எனக்கு ஏது?” என்று மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம். ஒரு துளி மீதமின்றிக் கிண்ணத்தைச் சாய்த்துக் குடிப்பார். நான்கு இரவுகள் சென்றன. ஐந்தாம் நாள் காலையில் கணுக்கால்கள் வீங்கியிருந்தன; செருப்பு நுழையவில்லை. அன்றிரவு அவரால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் அமர்ந்தவாறே மூச்சு வாங்கினார். விடியுமுன் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கிருந்த இளம் மருத்துவர் சில நாளாக என்ன உண்டார் என்று வினவினார். “வெறும் சூப்தான், டாக்டர்” என்றோம், ஒரு வகைப் பெருமிதத்தோடு. அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். “எத்தனை கிண்ணம்? நீரையும் குடித்தாரா?” என்று கேட்டார். அக்கேள்விக்குப் பிறகே எமக்கு விளங்கத் தொடங்கியது. ஆறு நாள் கழித்துத் தமையனார் நலமாக இல்லம் திரும்பினார். இன்றும் எம்முடன் இருக்கிறார்.

நடந்தது இதுதான். உடலில் உப்பு மிகுந்தால், அதனைக் கரைத்து வைப்பதற்கு உடல் நீரைத் தேக்கிக்கொள்கிறது. இரத்தத்தின் அளவு பெருகுகிறது. வலிய இதயம் அதனைத் தள்ளிவிடும்; தளர்ந்த இதயத்தால் இயலாது. தேங்கிய நீர் முதலில் கால்களிலும் பின்னர் நுரையீரலிலும் கசிகிறது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் இதே இடர் உண்டு. இரத்தக் கொதிப்பு உடையவர்க்கு உடனே வீக்கம் தோன்றாமற் போகலாம். ஆயின் கொதிப்பு ஏறும்.

கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒருவர் உண்ணத்தக்க உப்பு 5 கிராமிற்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃதாவது, காலை முதல் இரவு வரை எல்லா உணவிலும் சேர்ந்து ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் இரண்டு கிராமிற்கு மேற்பட்ட உப்பு அடங்கியுள்ளது. ஒரு கிண்ணச் சூப்பில் அத்துணைச் சாஸும், அதன்மேல் கால் தேக்கரண்டி உப்பும் விழுந்தால் மூன்றரைக் கிராமிற்கு மேல் ஆகிவிடும். உருண்டையினுள் இருக்கும் உப்பு வேறு. தகட்டின் மாவிலிருக்கும் உப்பு வேறு. மேசைமீதுள்ள சாஸ் புட்டியைச் சாய்த்துக்கொள்வது அதற்கும் வேறு. சிறிது சர்க்கரையும் மிளகும் காடியும் உடன் கலந்திருப்பதால், இவ்வளவு உப்பு என்று நாக்கு அறிவிப்பதுமில்லை.

நம் ரசமும் சாம்பாரும் இவ்விஷயத்தில் குற்றமற்றவை என்று கூற வரவில்லை. ஆயினும் ரசத்திற்கு உப்பிடும் கை நம் இல்லத்துக் கை; வேண்டுமாயின் குறைத்துக்கொள்ளும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்கும் பொடியில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயாளரும், இதயத்திற்குச் சில வகை மருந்து உண்போரும், மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது.

அஜினோமோட்டோவைப் பற்றி அஞ்சிய சகோதரிக்கு இப்பொழுது விடை கூறலாம். 1908இல் டோக்கியோ நகரப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்; மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. குளுட்டமேட் எனப்படும் அப்பொருள் தக்காளியிலும் காளானிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே உள்ளது. 1968இல் அமெரிக்காவில் வாழ்ந்த சீன மருத்துவர் இராபர்ட் ஹோ மான் குவோக், சீன உணவு உண்டபின் தமக்குப் பிடரி மரத்து நெஞ்சு படபடப்பதாக மருத்துவ இதழொன்றிற்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையல் மது, குளுட்டமேட், மிகுந்த உப்பு என்று பலவற்றை அவர் ஐயுற்றிருந்தார். உலகமோ குளுட்டமேட்டை மட்டும் பற்றிக்கொண்டது. பின்னாளில், உண்பவரும் கொடுப்பவரும் அறியாவண்ணம் நடத்திய சோதனைகளில் அக்குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. வெறும் வயிற்றில் மிகுதியாக உண்ட சிலருக்குச் சிறிது நேரம் தலைவலியோ படபடப்போ தோன்றலாம். அத்தகையோர் விலக்குவதே நன்று. ஓராண்டு நிரம்பாத குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்தலாகாது. மற்றபடி, அதில் சோடியம் 12 விழுக்காடு. சமையல் உப்பிலோ 39 விழுக்காடு. அஜினோமோட்டோ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதே வாயால் மேலும் சிறிது சாஸ் கேட்பவரை நாம் கண்டிருக்கிறோம். (எம் தமையனாரும் அவ்வாறு சொன்னவரே.)

பன்றி இறைச்சியை அஞ்சுவோர் சமயத்தாலோ பழக்கத்தாலோ விலக்கினால் அது அவரவர் உரிமை. நோயை எண்ணி அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. நன்கு வேகாத பன்றி இறைச்சியை உண்டால் குடலில் நாடாப்புழு உண்டாகலாம். நன்கு வெந்த இறைச்சியில் அவ்வச்சம் இல்லை. வான்டனின் உருண்டை சிறிதாதலால் கொதிநீரில் எளிதில் உள்ளே வரை வெந்துவிடும். மூளையில் கட்டி தோற்றுவித்து வலிப்பு வரச் செய்வது வேறு வழியில் நிகழ்கிறது. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவும், அசுத்த நீர் பாய்ந்த பச்சைக் காய்கறி வழியாகவும் பிறர் வயிற்றை அடைகிறது. இறைச்சியைத் தொட்டறியாத சைவருக்கும் அந்நோய் வருவது இதனாலேயே. சூப்பின்மேல் பச்சையாகத் தூவப்படும் வெங்காயத்தாள் கழுவப்பட்டதா என்று கேட்பது, உள்ளேயிருக்கும் இறைச்சியைப் பற்றிக் கேட்பதைவிடக் குறைந்ததன்று.

நண்பகலில் வாங்கிய சூப்பை மேசைமீதே வைத்திருந்து இரவில் சூடாக்கிக் கொடுப்பதையும் விட்டொழிக்க வேண்டும். நம் நகரின் வைகாசி வெப்பத்தில் ஒரு மணி நேரமே மிகுதி.

இறால் ஒவ்வாதவர் இல்லத்தில் இருந்தால் இங்கு மிக்க விழிப்பு வேண்டும். இறாலில் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கும் புரதம் கொதித்தாலும் அழிவதில்லை. நீரில் கரைந்தும் இறங்குகிறது. இறால் உருண்டையை எடுத்து ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குழந்தைக்கு ஊட்டும் தாய், நஞ்சையே ஊட்டுகிறாள் எனலாம். உதடு வீங்குதல், தடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றினால் வீட்டு வைத்தியம் பாராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கோதுமை, முட்டை, சோயா, எள் ஆகியன ஒவ்வாதவர்க்கும் இக்கிண்ணம் ஏற்றதன்று. மூட்டுகளில் யூரிக் அமிலம் தேங்கி வலியுறுவோர்க்கும் குற்றம் நீரிலேயே உள்ளது. இறைச்சியையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சும்போது அவ்வமிலத்திற்கு மூலமான பொருள் சாற்றில் இறங்கிவிடுகிறது. நீரிழிவுடையோர் மட்டும் நீரைவிட உருண்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டுத் தகடுகளின் மைதா, மாவுச்சத்தில் மூன்று நான்கு இட்டிலிக்கு ஈடாகும்; அதனை உண்டபின் சோறும் வழக்கம்போல் உண்பதற்கில்லை.

சைவ உணவினரின் கேள்வியைக் கடைசிக்கு வைத்தோம். எம் நெஞ்சில் நெடுநாள் தங்கியது அதுவே.

எம் தாயார் பிறவிச் சைவர். முட்டை கலந்த கேக்கையும் தொடமாட்டார். சென்ற ஆண்டு ஆடி மாத மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, கஞ்சியும் கசந்துவிட்டது. எம் மகன் பாட்டிக்கென்று ‘வெஜிடபிள் வான்டன் சூப்’ வாங்கி வந்தான். அம்மா தயங்கிச் சுவைத்து, “நன்றாயிருக்கிறதே, என்ன போட்டிருக்கிறான்?” என்றார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். தமையனார் பட்ட பாட்டை மறவாத நாம், மூன்றாம் நாள் நேரே கடைக்குச் சென்று, உப்பைக் குறைத்துத் தருமாறு சமையற்காரரிடம் வங்காளத்தில் வேண்டினோம். அவர் பணிவோடு, “அது இயலாது, தாதா, சாறு காலையிலேயே உப்பிட்டுக் காய்ச்சியது” என்றார்.

“சாறா? என்ன சாறு?”

“கோழி எலும்புச் சாறு. எல்லாச் சூப்பிற்கும் அடுப்பில் ஒரே பாத்திரம்தான். வெஜிடபிள் என்றால் உள்ளே வைக்கும் பூரணத்தை மாற்றுவோம்.”

தகட்டில் முட்டை உண்டா என்று கேட்டோம். உண்டு என்றார். அவர் எதனையும் மறைக்கவில்லை. நாம்தான் கேட்டிருக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம், அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா என்ற போராட்டம். அறியாமல் நடந்தது, சொன்னால் அந்த வயதில் மனம் நொந்துவிடுவார், சொல்லாமலிருந்தால் அவர் என்றும் அறியப்போவதில்லை. ஆயினும் நாளையும் அவர் கேட்பாரே? அன்றிரவே சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. காய்ச்சலையும் பொருட்படுத்தாது எழுந்து நீராடி, விளக்கேற்றிச் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். மறுநாள் காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, “நீ கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான்” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பேரனை மட்டும் அழைத்து, அவன் குற்றம் எதுவுமில்லை என்று தலையைத் தடவினார்.

ஆகவே, ‘இது வெஜிடபிளா?’ என்று பொதுப்படக் கேட்டால் போதாது. சாறு எதில் காய்ச்சியது, தகட்டில் முட்டை உண்டா, சிப்பிச் சாஸோ மீன் சாஸோ சேர்த்தனரா என்று தனித்தனியே கேட்க வேண்டும். கடையில் பொட்டலமாக விற்கும் தகட்டை வாங்குவோர் பச்சை வட்டக் குறியைப் பார்த்து வாங்கலாம். நம் நாட்டுச் சட்டப்படி முட்டை சேர்ந்த பண்டத்திற்கு அக்குறி இடலாகாது. சீன உணவில் சைவமே இல்லை என்று எண்ணுவதும் பிழை. பௌத்தத் துறவிகளின் மடங்களில் இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கப்படுகின்றன. காளானும் சோயாக் கட்டியும் கொண்டே அவர்கள் சுவையான சாறு காய்ச்சுகின்றனர். நம் ஆசார இல்லங்களுக்கு அம்முறை மிகவும் பொருந்தும்.

எம் இல்லத்தில் இப்பொழுது செய்யும் முறையைக் கூறுகிறோம். ஒரு குவளை மைதாவில் ஒரு சிட்டிகை உப்பும், கால் குவளைக்குச் சற்று மிகுதியான வெந்நீரும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி வைக்கவும். விரும்பினால் பாதி கோதுமை மாவாகவும் கொள்ளலாம். தகடு சற்று முரடாகும், கெடுதல் இல்லை. பலகை தெரியும் அளவிற்கு மெல்லியதாக இட்டு, நான்கு விரற்கடை அகலச் சதுரங்களாக நறுக்கினால் இருபதிற்குக் குறையாமல் கிடைக்கும். முட்டைக்கோசு, காரட், பீன்ஸ், காளான் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, இஞ்சியோடு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஈரம் வற்ற வதக்கி, நம் வங்காளத்தில் எளிதில் கிடைக்கும் சானாவை உதிர்த்துச் சேர்த்து, மிளகுத்தூள் தூவவும். இதற்கு உப்பு வேண்டுவதில்லை. ஆறியபின் தகட்டில் ஒரு தேக்கரண்டி வைத்து, விளிம்பில் நீர் தடவி முக்கோணமாக மடித்து, இரு முனைகளையும் சேர்த்து அழுத்தவும். ஈரம் மிகுந்தால் தகடு கிழியும். எம் முதல் முயற்சியில் பாதி கிழிந்தது.

சாற்றுக்குக் காரட், முட்டைக்கோசின் தண்டு, தக்காளி ஒன்று, நசுக்கிய இஞ்சி, உலர்ந்த காளான் நான்கு ஆகியவற்றை ஆறு குவளை நீரில் அரை மணி மெல்லக் காய்ச்சி வடிக்கவும். வான்டனைச் சாற்றிலேயே வேக வைத்தால் மாவு கரைந்து கலங்கும். ஆதலின் வேறு பாத்திரத்தில் கொதிநீரில் இட்டு, மேலே மிதந்தபின் இரண்டு நிமிடம் விட்டு எடுத்துக் கிண்ணத்தில் இட்டுச் சாற்றை ஊற்றவும். உப்பை அடுப்பில் சேர்க்காமல், கிண்ணத்தில் அவரவர்க்கு ஏற்றவாறு இடுகிறோம். தமையனாருக்கு ஒரு சிட்டிகை. அவர் எலுமிச்சை பிழிந்துகொண்டு, குறை சொல்லிக்கொண்டே உண்கிறார். கடையில் உண்ண நேர்ந்தால் வான்டனைக் கரண்டியால் எடுத்து உண்டு, நீரில் பெரும்பகுதியைக் கிண்ணத்திலேயே விட்டு எழுகிறார்.

அம்மா சிறிது காலம் இதனைத் தொடவில்லை. கார்த்திகையில் ஒருநாள் நாம் மடித்துக்கொண்டிருக்கையில் அருகில் வந்து அமர்ந்து, எம் மடிப்புச் சரியில்லை என்று கூறித் தாமே மடித்துக் காட்டினார். மோதகத்தின் மடிப்பு அது. பிறகு ஆறு உருண்டைகளைத் தனியே எடுத்துக்கொண்டு போய், சாறு வேண்டாம் என்று மறுத்து, தாம் வைத்த மிளகு ரசத்தில் மிதக்கவிட்டு உண்டார். மறுவாரம் எங்கள் எல்லோருக்கும் அவ்வாறே பரிமாறினார்.